குக்காமா–குக்காமிரியா: பெருவின் ஆற்றங்கரை மொழி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்காவில் துப்பி மொழிக் குடும்பம் என்று ஒன்று உண்டு. அதில் அருகிவரும் மொழிகளில் ஒன்று குக்காமா–குக்காமிரியா. சில ஆண்டுகளாக இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். யாரிடம் பேச்செடுத்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் எல்லாவற்றுக்கும் ஓரிடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

இந்த மொழி எங்கே பேசப்படுகிறது?

பெரு நாட்டின் வடகிழக்கில், லொரெத்தோ மாநிலத்தில். பெரு என்றால் மலையும் இன்கா கோட்டையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். லொரெத்தோ அப்படிப்பட்ட ஊர் அல்ல. எங்கு பார்த்தாலும் காடு, தண்ணீர், தாழ்ந்த நிலம். ஊருக்கு ஊர் போக ஆறுதான் சாலை. மாரன்யோன், உக்கயாலி என்ற இரண்டு பெரிய ஆறுகள் நவுத்தா என்ற ஊருக்கு அருகில் கலக்கின்றன. அங்கிருந்துதான் அந்த ஆற்றுக்கு அமேசான் என்று பெயர். குக்காமா மக்களின் கிராமங்கள் இந்த இரண்டு ஆறுகளின் கரைகளிலும் அமேசான் கரையிலும் இருக்கின்றன. குக்காமிரியா மக்கள் இன்னும் மேற்கே, உவல்யாகா ஆற்றங்கரையில், லகூனாஸ் ஊரைச் சுற்றி வாழ்கிறார்கள். 20,000 சதுர கிலோமீட்டருக்கும் பெரிய பக்காயா–சமிரியா வனக் காப்பகமும் இவர்கள் காலங்காலமாக மீன்பிடித்து வந்த பகுதிதான்.

பிரேசிலிலும் கொலம்பியாவிலும் இதே மக்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

கொகாமா, கொகாமில்யா என்றும் எழுதியிருக்கிறார்களே, எது சரி?

அது ஸ்பானிய எழுத்துமுறை. பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். தங்கள் வாயில் வருகிறபடியே எழுத வேண்டும் என்று அந்த மக்கள் கேட்டதால், இப்போது பெரு அரசும் குக்காமா–குக்காமிரியா என்றே எழுதுகிறது. இவை இரண்டும் தனித்தனி மொழிகள் அல்ல, ஒரே மொழியின் இரண்டு வட்டார வழக்குகள். இவர் பேசினால் அவருக்குப் புரியும்.

பெயரின் பொருளுக்குச் சிலர் ஒரு விளக்கம் தருகிறார்கள். ‘கு’ என்றால் பயிரிடும் கொல்லை, ‘காமா’ என்றால் மார்பு. ஆக, கொல்லையிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள். சொல்லாராய்ச்சியில் இது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு விஷயம். தங்களைப் பற்றி இப்படி ஒரு பொருளைச் சொல்லிக்கொள்ளும் மக்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

துப்பிக் குடும்பமா? கேள்விப்பட்டதே இல்லையே?

நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள்! சேலம் பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கின் மாவிலிருந்துதான் ஜவ்வரிசி செய்கிறார்கள். அந்த மாவுக்கு ஆங்கிலத்தில் ‘டேப்பியோக்கா’ என்று பெயர். அது பிரேசில் கடற்கரையில் பேசப்பட்ட பழைய துப்பி மொழிச் சொல். கிழங்கும் அந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான். முந்திரியும் அப்படியே. இந்தியில் ‘காஜு’ என்றும் இலங்கையில் ‘கஜு’ என்றும் சொல்கிறார்களே, அது துப்பியின் ‘அகாஜு’. போர்த்துகீசியர் மரத்தைக் கப்பலில் ஏற்றியபோது சொல்லும் கூடவே ஏறி வந்துவிட்டது. ஜாகுவார், பிரானா, டூக்கான் போன்ற விலங்கு, பறவைப் பெயர்களும் அந்தக் குடும்பம் உலகுக்குக் கொடுத்தவைதான்.

துப்பிக் குடும்பத்தில் ஏறக்குறைய 70 மொழிகளைக் கணக்கிடுகிறார்கள். அதன் பெரிய கிளை துப்பி–குவரானி. பராகுவேயில் லட்சக்கணக்கானோர் பேசும் குவரானி இந்தக் கிளையைச் சேர்ந்தது. அதே கிளையில், விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மட்டுமே பேசுவோர் மிஞ்சிய மொழிகளும் உண்டு.

குக்காமாவில் ஆற்றுக்குப் ‘பரானா’ என்று பெயர். பிரேசிலின் பரானா மாநிலத்துக்கும் பரானா நதிக்கும் உள்ள அதே சொல்தான். மீனுக்கு ‘இபிரா’. பிரானாவின் முதல் பாதியில் இருக்கும் ‘பிரா’வும் மீன்தான். வீட்டுக்கு ‘உக்கா’, பழைய துப்பியில் ‘ஓக்கா’.

ஆணுக்கு ஒரு பேச்சு, பெண்ணுக்கு ஒரு பேச்சு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்த மொழியில் என்னை முதலில் இழுத்துக்கொண்ட விஷயமும் இதுதான்.

தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்கிறோம். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் ஆணா பெண்ணா என்பதை வினை காட்டிவிடும். பேசுகிறவர் யார் என்பது அதில் தெரியாது. அம்மா சொன்னாலும் அப்பா சொன்னாலும் ‘நான்’ ‘நான்’தான். குக்காமாவில் இது அப்படியே தலைகீழ். பேசப்படுபவர் ஆணா பெண்ணா என்பதை மொழி கண்டுகொள்வதில்லை. பேசுகிறவர் யார் என்பதைத்தான் சொல்லில் காட்டுகிறது.

ஆண் தன்னைத் ‘தா’ என்பான். பெண் தன்னை ‘எட்செ’ என்பாள். ‘உட்சு’ என்றால் போவது. ஆகவே ‘நான் போகிறேன்’ என்பதை ஆண் ‘தா உட்சு’ என்பான், பெண் ‘எட்செ உட்சு’ என்பாள். மூன்றாமவரைக் குறிக்க ஆண் ‘உரி’ என்பான், பெண் ‘ஆய்’ என்பாள். அந்த மூன்றாமவர் ஆணாக இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். அதனால் சொல் மாறாது.

பிரதிப்பெயரோடு நிற்கவில்லை. ‘இது’ என்பதற்கு ஆண் ‘இக்கியான்’ என்றும் பெண் ‘அஹான்’ என்றும் சொல்வார்கள். ‘அது’ ஆணுக்கு ‘யுக்கான்’, பெண்ணுக்கு ‘யுக்குன்’. பன்மை விகுதி கூட வேறு. மீன்கள் என்பது ஆண் வாயில் ‘இபிராக்கனா’, பெண் வாயில் ‘இபிராநு’. மற்றபடி வினைச்சொற்கள், பொருள்களின் பெயர்கள் எல்லாம் பொதுதான். இரண்டு தனி மொழிகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் அந்தச் சின்னச் சொற்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் வந்துகொண்டே இருக்கும். இருட்டில் குரல் தெரியாவிட்டாலும், எழுத்தில் படித்தாலும், பேசுவது ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு அழகும் உண்டு. தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு இருக்கின்றன அல்லவா? கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் இல்லை, ஸ்பானிய மொழியிலும் இல்லை. குக்காமாவில் இருக்கிறது. ‘நாங்கள்’ என்பதை ஆண் ‘தனா’ என்பான், பெண் ‘பெனு’ என்பாள். ஆனால் ‘நாம்’ என்பதற்கு இருவருக்கும் ஒரே சொல்தான்: ‘இனி’. எதிரில் இருப்பவரை உள்ளே சேர்த்துக்கொண்டுவிட்டால் அந்த ஆண்–பெண் கோடு மறைந்துவிடுகிறது.

‘இனி’யா! அப்படியென்றால் தமிழோடு உறவு இருக்குமோ?

இல்லை. ஒலி ஒத்துப்போனது தற்செயல். ‘நாம்/நாங்கள்’ வேறுபாடும் உலகின் பல மூலைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. சொல் ஒத்தாலே சொந்தம் என்று கிளம்பினால் இரண்டு மொழிகளுக்கும் நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம்.

அப்படியானால் இதன் உண்மையான பிறப்பு எது?

மொழியியலாளர்கள் பல ஆண்டுகளாக விவாதிக்கும் கேள்வி இது. குக்காமாவின் அடிப்படைச் சொற்களில் பெரும்பகுதி துப்பி–குவரானிச் சொற்கள். ஆனால் இலக்கணம் அந்தக் கிளையின் மற்ற மொழிகளைப் போல இல்லை. மற்றவை எல்லாம் வினையின் முன்னால் ‘நான்’, ‘நீ’ என்பதைக் காட்டும் ஒட்டுகளைச் சேர்க்கும். குக்காமா அவற்றை உதறிவிட்டுத் தனிச் சொல்லாக நிறுத்துகிறது. சொல் துப்பியிடமிருந்து, கட்டுமானம் வேறெங்கிருந்தோ. தண்ணீருக்கான ‘உனி’ என்ற சொல்லே துப்பிச் சொல் அல்ல, அராவாக் மொழிகளிலிருந்து வந்தது. ஆற்றிலேயே வாழும் மக்கள் தண்ணீருக்கு இன்னொரு குடும்பத்துச் சொல்லை எடுத்திருக்கிறார்கள் என்றால், அந்தக் கலப்பு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எண்களில் நான்கு வரைதான் சொந்தச் சொற்கள். ஐந்திலிருந்து மலைநாட்டுக் கெச்சுவா மொழியின் சொற்கள்.

பிரேசில் மொழியியலாளர் அனா சுவெல்லி கப்ரால் 1995-இல் ஒரு விளக்கம் தந்தார். துப்பி பேசியவர்களும் வேறு மொழி பேசியவர்களும் திடீரென்று ஓரிடத்தில் சேர்ந்து வாழ நேர்ந்து, வளர்ந்தவர்கள் அவசர அவசரமாகக் கற்ற மொழி இது. இயேசு சபைப் பாதிரிமார்கள் பல இனத்தவரை ஒரே ஊரில் குடியேற்றிய காலத்தில் இப்படி ஆனது என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள், குறிப்பாக லெவ் மைக்கேலும் சக்கரி ஓஹேகனும், ஒமாகுவா என்ற தங்கை மொழியை எடுத்துக்காட்டி மறுத்தார்கள். அந்தப் பாதிரிமார்கள் எழுதி வைத்த ஒமாகுவாப் பிரார்த்தனைகளிலேயே மொழி முழு உருவம் பெற்றிருக்கிறது. இரண்டும் பிரிவதற்கு முன்பே, ஐரோப்பியர் வருவதற்கும் முன்பே, கலப்பு நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டாவது விளக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. அதை ஏற்றால், காட்டுக்குள் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பும் மக்கள் இடம்பெயர்ந்தார்கள், கலந்தார்கள், புது மொழிகளை உண்டாக்கினார்கள் என்றாகிறது.

இப்போது எத்தனை பேர் பேசுகிறார்கள்?

பெருவின் 2017 கணக்கெடுப்பில், சிறுவயதில் முதலில் கற்ற மொழி குக்காமா என்று சொன்னவர்கள் சுமார் 1,200 பேர். தங்களைக் குக்காமா என்று சொல்லிக்கொண்டவர்கள் அதைப்போலப் பல மடங்கு. சரளமாகப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், அதுவும் பல ஊர்களில் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு கிராமத்தில் இரண்டு பேர், அடுத்ததில் ஒருவர். பேசத் தெரியும், பேச ஆள் இல்லை.

மக்கள் இருக்கிறார்கள், மொழி மட்டும் ஏன் போகிறது?

இதுதான் எனக்கு மிக முக்கியமான கேள்வி. அழிந்துபோன மொழி என்றால் அதைப் பேசிய இனமே அழிந்துபோனதாகப் பலர் நினைக்கிறார்கள். குக்காமா மக்கள் அழியவில்லை. ஆயிரக்கணக்கில், அதே ஆற்றங்கரையில், அதே தோணியில் போய் மீன் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் மொழியை மறைத்தார்கள். மறைக்க வைக்கப்பட்டார்கள்.

ஸ்பானியர்கள் 1557-இலேயே உக்கயாலிக் கரையில் இவர்களைச் சந்தித்துவிட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் வந்தார்கள். நமக்கு வீரமாமுனிவரைத் தெரியும். அவர் தமிழ்நாட்டில் இருந்த காலத்தில், அதே சபையைச் சேர்ந்த, பொஹீமியாவில் பிறந்த சாமுவேல் ஃப்ரிட்ஸ் அமேசானில் இருந்தார். ஒமாகுவா மக்களிடையே பணி செய்தவர். அவர் வரைந்த அமேசான் வரைபடம் 1707-இல் கித்தோ நகரில் அச்சானது. மக்களைப் பெரிய ஊர்களில் திரட்டியபோது அம்மையும் கூடவே வந்து வாரிக்கொண்டு போனது. குக்காமா மக்கள் கலகம் செய்தார்கள். 1666-இல் பிரான்சிஸ்கோ தெ ஃபிகெரோவா என்ற பாதிரியாரைக் கொன்றார்கள். 1767-இல் ஸ்பானிய அரசு இயேசு சபையையே வெளியேற்றிவிட்டது.

அதற்கெல்லாம் பிறகும் மொழி நிலைத்திருந்தது. நவுத்தா ஊரையே 1830-இல் நிறுவியவர் மனுவெல் பக்காயா இராரிகா என்ற குக்காமாத் தலைவர்தான். பிறகு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரப்பர் வியாபாரம் வந்தது. முதலாளியிடம் கடன்பட்டு, குடும்பத்தோடு ஆறு ஆறாக இழுத்துச் செல்லப்பட்டு, ஊரும் உறவும் சிதறிய காலம் அது. ஸ்பானிய மொழி தெரிந்தவன் கணக்குப் பார்க்கலாம், தெரியாதவன் ஏமாறலாம் என்ற நிலை.

அப்புறம் பள்ளிக்கூடம். குக்காமா பேசிய குழந்தைகளைத் தண்டித்தார்கள், சக மாணவர்கள் கேலி செய்தார்கள். ‘இந்தியன்’ என்பதே வசைச் சொல்லாக இருந்தது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து தாய் தந்தை ஆனபோது, தாங்கள் பட்டது தங்கள் பிள்ளை படக்கூடாது என்று முடிவு செய்தார்கள். கணவனும் மனைவியும் தங்களுக்குள் குக்காமா பேசுவார்கள். பிள்ளை பக்கத்தில் வந்தால் ஸ்பானிய மொழிக்கு மாறிவிடுவார்கள். ஒரு தலைமுறை இப்படிச் செய்தால் போதும்.

இந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளைமேல் இருந்த பாசத்தால்தான் அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

ஆடையும் பேச்சும் மாறிவிட்டதால், வெளியார் கண்ணுக்கு இவர்கள் சாதாரண ஆற்றங்கரை விவசாயிகளாகத் தெரிந்தார்கள். மானிடவியலாளர்கள் இவர்களைக் ‘கண்ணுக்குத் தெரியாத பழங்குடிகள்’ என்று குறிப்பிட்டதும் உண்டு.

மறைத்தபோதும் மறையாமல் நின்றது ஏதாவது உண்டா?

குடும்பப் பெயர்கள். முராயாரி, கனாகிரி, மனுயாமா, யுயாரிமா, அவனாரி, தபுல்யிமா. லொரெத்தோவில் இந்தப் பெயர்களைக் கேட்டாலே எந்த மக்கள் என்று தெரிந்துவிடும். ஒரு சொல் கூடக் குக்காமா பேசத் தெரியாத இளைஞனின் அடையாள அட்டையில் அந்த மொழி இருக்கிறது. பெயருக்காகவும் இழிவுபட்டதால் சிலர் அதையும் மாற்றிக்கொண்டார்கள். இப்போது பெருமையோடு சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆற்றுக்கும் இந்த மொழிக்கும் என்ன தொடர்பு?

குக்காமா மக்களுக்கு ஆற்றின் அடியில் இன்னோர் ஊர் இருக்கிறது. அங்கே வாழ்பவர்களைக் ‘கருவாரா’ என்கிறார்கள். வீடுகள், தெருக்கள், விழாக்கள் எல்லாம் அங்கும் உண்டு. கருவாராக்களின் ஊஞ்சல் படுக்கை மலைப்பாம்பு. தொப்பி திருக்கை மீன். கவசம் போன்ற தோலுடைய கராச்சமா மீன்தான் செருப்பு. ஆறுகளுக்கெல்லாம் தாயாகப் புரவா என்ற பெரும் பாம்பு இருக்கிறது.

ஆற்றில் மூழ்கி உடல் கிடைக்காமல் போனவர்கள் இறந்துவிட்டதாக அவர்கள் நினைப்பதில்லை. அந்த ஊருக்குப் போய்விட்டார்கள். மகன், மருமகள், தாத்தா, எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். கனவில் வந்து பேசுவார்கள். நோயாளிக்கு மருந்து தேட வேண்டுமென்றால் ஊர் வைத்தியர் நீருக்கடியில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்பார்.

இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டால் அவர்களுடைய போராட்டம் எதுவும் நமக்குப் புரியாது. கப்பல் போக்குவரத்துக்காக ஆற்றின் அடியைத் தோண்டுவோம் என்று அரசு திட்டம் போட்டபோது, ‘எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டை இடிக்கப் போகிறீர்கள்’ என்று அவர்கள் சொன்னது உவமை அல்ல, உள்ளபடியே சொன்னது. அக்கோடெகோஸ்பாட் என்ற குக்காமாச் சங்கம் வழக்குத் தொடுத்தது. திட்டத்துக்கு முன் மக்களிடம் கலந்து பேச வேண்டும் என்ற உரிமையை வென்றது.

மாரன்யோன் ஆறு வழக்கில் வென்றது என்று செய்தியில் வந்ததே, அது இவர்கள்தானா?

இவர்கள்தான், அதிலும் பெண்கள். ‘வைனாக்கனா கமாதவாரா கனா’ என்ற குக்காமாப் பெண்கள் கூட்டமைப்பு. ‘வைனா’ என்றால் பெண், ‘கமாதா’ என்றால் வேலை செய்வது. உழைக்கும் பெண்கள் என்று பொருள்.

வடபெரு எண்ணெய்க் குழாய் இவர்கள் ஊர்களின் வழியாகப் போகிறது. 2014-இல் குனினிக்கோ என்ற குக்காமாக் கிராமத்தில் அது உடைந்து எண்ணெய் கொட்டியது. 2022-இல் அங்கேயே மறுபடியும் கொட்டியது. ஆற்று மீனைத் தின்று, ஆற்று நீரைக் குடித்து வாழ்கிறவர்கள் என்ன செய்வார்கள்? 2021-இல் பெண்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆற்றுக்கே உரிமைகள் உண்டு என்று அறிவிக்கும்படி கேட்டார்கள். 2024 மார்ச்சில் நவுத்தா நீதிமன்றம், மாரன்யோனும் அதன் துணையாறுகளும் உரிமைகளுக்குரியவை, தடையின்றி ஓடவும் மாசுபடாமல் இருக்கவும் அவற்றுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு அது நிலைத்தது. கூட்டமைப்பின் தலைவி மரி லூஸ் கனாகிரி முராயாரிக்கு 2025-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. அவருடைய பெயரில் இருப்பது நான் மேலே சொன்ன குடும்பப் பெயர்கள்தான், கவனித்தீர்களா?

தீர்ப்பு வந்ததும் ஆறு சுத்தமாகிவிடாது. ஆனாலும் ‘கண்ணுக்குத் தெரியாதவர்கள்’ என்று எழுதப்பட்ட மக்கள், தங்கள் மொழியில் பெயர் வைத்துக்கொண்ட அமைப்பின் மூலம், நாட்டின் நீதிமன்றத்தில் நின்றார்கள்.

மொழியைக் காக்க என்ன நடக்கிறது?

நவுத்தாவில் உக்கமாரா வானொலி என்று ஒன்று இருக்கிறது. உக்கயாலி, மாரன்யோன் இரண்டையும் சேர்த்த பெயர். கத்தோலிக்கத் திருச்சபை சார்ந்த சிறிய நிலையம். இதன் இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்தவர் லியோனார்தோ தெல்யோ இமாய்னா, குக்காமா இனத்தவர். முதியவர்களின் கதைகளைப் பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். ஊர்ச் சுவர்களில் கருவாராக்களின் உலகத்தை ஓவியமாகத் தீட்டினார்கள். ‘இக்குவாரி’ என்ற பெயரில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அறிதல் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். மொழி தெரிந்த பாட்டிகளும் தாத்தாக்களும் அங்கே ஆசிரியர்கள்.

2013-இல் அந்தப் பிள்ளைகள் குக்காமாவில் ஒரு பாட்டுப் பாடி, கூத்தாடிக் காணொளியாக வெளியிட்டார்கள். அது நாடு முழுவதும் பரவியது. எந்த மொழியைப் பேசினால் கேலி செய்தார்களோ, அந்த மொழியைப் பேசும் பிள்ளைகளைப் பார்த்துப் பெரு நாடே கைதட்டியது. அதைப் பார்த்த முதியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஒரு பெரிய நகரத்தில் இருந்துகொண்டு அமேசான் மொழிகளைக் காப்போம் என்று யாரும் திட்டம் தீட்டலாம். வானொலியைக் குக்காமாப் பாட்டி அடுப்படியில் வைத்துக் கேட்கிறார். அதில் தன் மொழி வந்தால், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிகிறது. மொழியை அடக்கியது வெட்கம் என்பதால், அந்த வெட்கத்தைப் போக்குவதுதான் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

அரசு அளவில், 2011-இல் வந்த 29735 எண் சட்டம் பெருவின் பழங்குடி மொழிகளைப் பயன்படுத்தும் உரிமையை உறுதி செய்கிறது. அதற்கும் முன்பே, 1988-இலிருந்து, இக்கீத்தோஸ் நகரத்தில் பழங்குடி அமைப்புகளும் அரசும் சேர்ந்து நடத்தும் ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஒன்று உண்டு. குக்காமா ஆசிரியர்கள் பலர் அங்கே உருவானவர்கள்.

அகராதி, இலக்கணம் எல்லாம் இருக்கின்றனவா?

இருக்கின்றன. அகுஸ்தீன் சபைப் பாதிரியார் லூக்காஸ் எஸ்பினோசா 1935-இலேயே இம்மொழியைப் பற்றி நூல் வெளியிட்டார். இன்று நம்பி எடுக்கக்கூடியது ரோசா வல்யேஹோஸ் என்ற பெரு நாட்டு மொழியியலாளர் எழுதிய விரிவான இலக்கணம். அவரும் குக்காமா ஆசிரியை ரோசா அமியாஸ் முராயாரியும் சேர்ந்து 2015-இல் குக்காமா–ஸ்பானிய அகராதி கொண்டுவந்தார்கள். மொழியைப் பேசுகிறவர் பெயரும் ஆய்வாளர் பெயரும் அட்டையில் ஒன்றாக இருப்பது எனக்கு மிகவும் நிறைவான விஷயம். பழைய நூல்களில் மொழியைச் சொல்லித் தந்தவர் பெயர் பெரும்பாலும் முன்னுரையின் ஓரத்தில்தான் கிடக்கும்.

பிரேசில், கொலம்பியாவில் எப்படி?

அங்கே மக்கள் தொகை உண்டு. பேசுகிறவர்கள் மிகக் குறைவு. பிரேசிலில் மேல் சொலிமோயின்ஸ் ஆற்றுப் பகுதியிலும், தெஃபே, மனவுஸ் நகரங்களிலும் வாழ்கிறார்கள். கொலம்பியாவில் லெத்தீசியா அருகே சில கிராமங்கள்.

கோவிட் இவர்களைக் கடுமையாகத் தாக்கியது. பிரேசிலின் பழங்குடி மக்களில் கோவிட் உறுதியான முதல் நபர் ஒரு கொகாமாப் பெண்தான். 20 வயது, சுகாதாரப் பணியாளர். 2020 ஏப்ரல் 1-இல் செய்தி வந்தது. தொடர்ந்த மாதங்களில் முதியவர்கள் பலர் போய்விட்டார்கள். பேசுகிறவர்கள் எல்லாம் முதியவர்களாக இருக்கும் மொழிக்கு இது என்ன இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே மக்களிடமிருந்துதான் அல்தாசி ருபின் கொகாமா என்ற பெண்மணி வந்திருக்கிறார். மொழியியல் படித்து, பிரசிலியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். ஐக்கிய நாடுகள் அறிவித்த 2022–2032 பழங்குடி மொழிகள் பத்தாண்டுப் பணிகளிலும் இருக்கிறார்.

ஒமாகுவா என்று சொன்னீர்களே, அது என்ன ஆனது?

1542-இல் ஒரெல்யானா என்ற ஸ்பானியர் அமேசானில் படகில் வந்தபோது கரை நெடுக ஒமாகுவா ஊர்கள் இருந்தன. அவ்வளவு பெரிய மக்கள். பெருவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இக்கீத்தோஸ் அருகே ஒரு கிராமத்தை மையமாகக் கொண்டு ஒரு சில முதியவர்கள் மட்டுமே அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். குக்காமாவைப் பற்றி அவசரப்படச் சொல்வதற்கு எனக்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இப்போது பிள்ளைகள் யாரிடம் கற்கிறார்கள்?

பெரும்பாலும் தாத்தா பாட்டியிடம். அப்பா அம்மாவுக்கே தெரியாதே! நடுவில் ஒரு தலைமுறை விட்டுப்போனதால், பிள்ளையும் பெற்றோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டிய நிலை.

அதில் இந்த மொழிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. பாட்டி தன்னை ‘எட்செ’ என்றுதான் சொல்வார். பேரன் கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னால் பெண் பேச்சு ஆகிவிடும். முன்பெல்லாம் வீட்டில் அப்பா, மாமன், அண்ணன் எல்லோரும் பேசியதால் பையன் யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்டிருப்பான். இப்போது அந்த வீட்டில் மொழி தெரிந்தவர் பாட்டி ஒருவர்தான் என்றால், தன் வாயில் வாழ்நாளெல்லாம் வராத சொல்லை அவர்தான் பேரனுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். ‘நான் எட்செ. நீ தா. எங்கே, தா உட்சு என்று சொல், பார்ப்போம்.’